தீர்ப்பில் இருந்த ஒரு வரி

வழக்கில் தோற்ற அன்று எனக்கு அழுகை வரவில்லை. நீதிபதி ஏதோ படித்தார். மின்விசிறிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. 'தள்ளுபடி' என்ற சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெயித்தவள் அழுகிறாள், தோற்றவள் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கிறவர்கள் யாரை நல்லவள் என்பார்கள்? எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

கடலூரில் மஞ்சக்குப்பம் கோர்ட். இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் முன்னால். அப்பா விட்டுப்போன மந்தாரக்குப்பத்து வீட்டில் எனக்குப் பாதி வேண்டும் என்று நான் போட்ட வழக்கு அது.

அப்பா நெய்வேலி சுரங்கத்தில் பெல்ட் பிரிவில் வேலை பார்த்தவர். வெட்டிய மண்ணையும் நிலக்கரியையும் மைல் கணக்கில் இழுத்துக்கொண்டு போகும் அந்தப் பெல்ட்டுகளோடு முப்பது வருஷத்துக்கும் மேல் இருந்தார். ரிடையர் ஆனதும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பக்கத்தில் மந்தாரக்குப்பத்தில் இரண்டு அறையும் ஒரு வராந்தாவுமாகச் சின்ன வீடு கட்டினார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். எனக்குக் கல்யாணமாகி, அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரோடு டவுன்ஷிப்பிலேயே வேறொரு பிளாக்கில் இருந்தேன். தங்கைக்கு வரன் எதுவும் அமையவில்லை. கடைத்தெருவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டு அப்பாவோடு இருந்தாள்.

அப்பா இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தபோதுதான் உயில் இருப்பதைத் தங்கை சொன்னாள். வீடு முழுக்க அவளுக்கு. எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில் உயில் இல்லாமல் போனால் பெண் பிள்ளைகளுக்குச் சமபாகம்தான். அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் எழுதி வைத்திருக்கிறார். அதுதான் என்னைக் குத்தியது.

எங்களுக்குத் தங்க இடமில்லாமல் இல்லை. என் வீட்டுக்காரர் அன்றைக்கே சொன்னார். "விடும்மா. அவளுக்குன்னு யாரு இருக்கா? நமக்குக் குவார்ட்டர்ஸ் இருக்கு, அப்புறம் ஊர்ல நெலம் இருக்கு." அவர் சொன்ன நியாயம் எனக்கு விளங்கியது. ஆனால் நான் இடத்தைப் பற்றி யோசிக்கவில்லை. அப்பா பேனாவைக் கையில் எடுத்து, 'என் இளைய மகள்' என்று எழுதி, அத்தோடு நிறுத்திக்கொண்ட அந்த நிமிஷத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இது நேற்று முளைத்த பொறாமை இல்லை. நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது அப்பா காலை ஷிஃப்ட் முடிந்து வந்து எங்களைச் சைக்கிளில் வைத்து மெயின் பஜாருக்குக் கூட்டிப்போவார். அவள் முன்னால் பாரில் உட்காருவாள். நான் பின்னால் கேரியரில். அவள் அப்பாவின் தாடைக்குக் கீழே தலையை வைத்துக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டே வருவாள், அப்பா குனிந்து பதில் சொல்வார். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குக் கேட்காது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய முதுகும் காக்கிச் சட்டையின் வேர்வைக் கறையும்தான். அவளைவிட ஆறு வயது பெரியவள் நான். என்னைப் பாரில் உட்கார வைக்க முடியாது என்பது அப்போதே புரிந்துதான் இருந்தது. புரிந்தால் எரியாது என்று யார் சொன்னது?

மந்தாரக்குப்பத்து வீட்டுக்குப் போனபோதெல்லாம் நான் விருந்தாளி ஆனேன். கதவைத் தட்டியதும் அப்பா எழுந்து நின்று, "வாம்மா" என்பார். எழுந்து நிற்பார்! பெற்ற மகளுக்கு. பிறகு உள்ளே பார்த்து, "ஏய், அக்காளுக்கு டீ போடு" என்பார். அந்த 'ஏய்' எனக்குக் கிடைக்கவில்லை. அவளை அதட்டுவார், கோபித்துக்கொள்வார், காபி ஆறிப்போச்சு என்று டம்ளரைத் தள்ளி வைப்பார். என்னிடம் பேரப்பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டு, பஸ் நேரத்தைச் சொல்வார். போகப்போக நான் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

வழக்கு நடந்தபோது தங்கை சாட்சிக் கூண்டில் ஏறினாள். அவளுடைய வக்கீல், அப்பாவை அவள் எப்படிக் கவனித்துக்கொண்டாள் என்று விளக்கமாகச் சொல்லவைத்தார். அவள் மெதுவாகச் சொன்னாள். அப்பாவுக்கு ராத்திரியில் கால் மரத்துப்போகும், எழுந்து தேய்த்துவிட வேண்டும். பல்லியைப் பார்த்தால் பயம், அதனால் படுக்கும் முன்னால் அவள் சுவரெல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டும். கடைசி வருஷத்தில் சர்க்கரை இல்லாத காபிக்குப் பழகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக முடியாததால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போய்விட்டு வருகிறவர்களிடம் பிரசங்கத்தில் சாமியார் என்ன சொன்னார் என்று கேட்பார்.

நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் அப்பாவுக்குப் பல்லி என்றால் பயம் என்பது எனக்குக் கோர்ட்டில்தான் தெரிந்தது. குமாஸ்தாவுக்கும் தெரிந்தது, அடுத்த வழக்குக்காகக் காத்திருந்த முன்பின் தெரியாத நாலு பேருக்கும் தெரிந்தது, கூடவே எனக்கும். அந்தப் பல்லிக்காக நான் அவள் மேல் பட்ட ஆத்திரம் வீட்டுக்காகக்கூடப் பட்டதில்லை.

தீர்ப்பு வந்த அன்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் எனக்கு முன்பே ஏறியிருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் கைக்குட்டையைப் போட்டு வைத்திருந்தாள்.

"அக்கா, எடம் போட்டு வச்சிருக்கேன், வா."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது போல் இருந்தது எனக்கு. "பரவால்ல" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குறிஞ்சிப்பாடி வரைக்கும் அந்த சீட் காலியாகவே வந்தது. கேட்டவர்களிடம் எல்லாம் அவள், "ஆள் வருதுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு ஒரு கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்துவிட்டாள்.

தீர்ப்பின் நகல் வந்த பிறகுதான் முழுதாகப் படித்தேன். தமிழில் டைப் அடித்திருந்தார்கள். உயில் எழுதப்பட்ட விதம், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரின் சாட்சியம், சட்டப் பிரிவுகள் எல்லாம் இருந்தன. அதையெல்லாம் படித்துக்கொண்டே வந்தவள், ஒரு வரியில் நின்றுவிட்டேன். 'வாதி தன் தந்தையின் இறுதிக் காலத்தில் மருத்துவமனையில்கூட அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பது தெரியவருகிறது.'

வாதி என்பது நான்.

அப்பாவை டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பகலெல்லாம் நான்தான் இருந்தேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் போவேன். சாயங்காலம் இன்ஸ்டிடியூட் முடிந்து தங்கை வருவாள், நான் கிளம்புவேன். அங்கேயும் நான் பகல்காரி. அப்பா பகலில் தூங்குவார். ராத்திரியில் விழித்திருந்து அவளோடு பேசுவார். ஆனாலும் இருந்தேன். வாயில் கஞ்சி ஊற்றியிருக்கிறேன், முகம் துடைத்துவிட்டிருக்கிறேன். அதை ஒரு வரியில் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

நகலைத் தூக்கிக்கொண்டு கடலூருக்குப் போனேன். எங்கள் வக்கீல் வயதானவர். பொறுமையாகக் கேட்டார்.

"மேல் கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம்மா. டைம் இருக்கு."

"அப்பீல் வேணாம் சார். இதே ஜட்ஜு திரும்ப விசாரிக்கணும்."

"அதுக்குப் பேரு மறுஆய்வு மனு. லேசுல கெடைக்காது. ஏற்கெனவே சொன்னதையே போய்த் திருப்பிச் சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. ஒண்ணு, அப்ப நமக்குத் தெரியாத, தேடியும் கெடச்சிருக்காத புது ஆதாரம் வேணும். இல்லன்னா தீர்ப்பைப் பார்த்த ஒடனே கண்ணுல படற மாதிரி தப்பு இருக்கணும்."

"இருக்குதே சார், இந்த வரி."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பிறகு வழக்குக் கட்டைப் பிரித்து வெகுநேரம் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்தார். குறுக்கு விசாரணையில் தங்கையே சொல்லியிருந்தாள்: 'ஆஸ்பத்திரியில் பகலில் அக்கா இருந்தார்கள், இரவில் நான் இருந்தேன்.'

"தப்புதான்" என்றார். "ஆனா இந்த வரிய எடுத்தாலும் தீர்ப்பு நிக்கும்மா. வீடு வராது."

"வீடு வராட்டி போவட்டும் சார்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. வக்கீல் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சரி, ரெண்டையும் சேர்த்தே கேப்போம். புதுசா ஆதாரம் எதாவது கெடைக்குமான்னு பாருங்க" என்றார்.

உயிலில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவர் அந்த வாத்தியார். இன்னொருவர் அப்பாவோடு பெல்ட்டில் வேலை பார்த்தவர். ரிடையர் ஆனதும் சொந்த ஊரான நெல்லிக்குப்பத்துக்குப் போய்விட்டார். ஒரு சாட்சியை விசாரித்தால் போதும் என்று அவரை யாரும் கோர்ட்டுக்குக் கூப்பிடவில்லை. எனக்கு அவர் மேல் நம்பிக்கை பிறந்தது. அப்பா அவரிடம் எதையாவது சொல்லியிருப்பார். 'சின்னவ நச்சரிக்கிறா, வேற வழி இல்லாம எழுதறேன்' என்றோ, 'பெரியவளுக்கு மனசு கஷ்டப்படும்' என்றோ ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை போதும். முதல் வார்த்தை வழக்குக்கு உதவும். இரண்டாவது வார்த்தை உதவாது, ஆனால் நான் தேடிப் போனது அதைத்தான்.

நெல்லிக்குப்பத்தில் இறங்கியதும் சர்க்கரை ஆலையின் வெல்லப்பாகு வாடை மூக்கில் ஏறியது. தெருவெல்லாம் கரும்பு லாரிகள் வரிசையாக நின்றன. விசாரித்துப் போனபோது அவர் வீட்டு வாசலில் கரும்புத் தோகையை நறுக்கி மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா பெயரைச் சொன்னதும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"அடடே, வாம்மா, வா. அவருக்கு ரெண்டு பொண்ணுன்னு தெரியும். நீ சின்னதா, பெருசா?"

முப்பது வருஷம் கூட வேலை பார்த்தவருக்கு அது தெரியவில்லை. "பெரியவ" என்றேன். தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கேட்டேன்.

"எங்க அப்பா ஒங்ககிட்ட எங்களப் பத்திப் பேசுவாருங்களா?"

"பெல்ட்டுகிட்ட நின்னுகினு என்னாத்தம்மா பேசறது? காதுல பஞ்ச வச்சிகினு எல்லாம் கை ஜாடதான். சோறு துன்ற நேரத்துல ரெண்டு வார்த்த பேசுவாரு. மழ வருமா வராதா, எந்த ரோலரு தேஞ்சிகெடக்குது. அவ்ளோதான்."

"வூட்டப் பத்தி? சின்னவளப் பத்திகூடவா பேசல?"

"எவளப் பத்தியும் பேசல. தங்கமான மனுஷன். ஆனா வாயத் தொறந்து வூட்டு சங்கதி ஒண்ணு சொன்னதில்ல."

உயிலைப் பற்றிக் கேட்டேன். அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"ஒரு நாளு பஸ் ஏறி இங்கியே வந்தாரு. பேப்பர எடுத்துக் காமிச்சி, 'சாட்சி போடுய்யா'ன்னாரு. போட்டன்."

"அப்பா ஒங்க முன்னாடிதான் கையெழுத்துப் போட்டாருங்களா?"

"இல்லியே. அவரு போட்டுகினுதான் வந்தாரு. 'இது நான் போட்ட கையெழுத்துதான்யா'ன்னு காமிச்சாரு. அப்புறம் டீ குடிச்சோம். இந்த மாட்டப் பாத்துகினு கொஞ்ச நேரம் ஒக்காந்திருந்தாரு. போயிட்டாரு."

சாட்சி பார்க்காமலே போட்ட கையெழுத்து! கடலூருக்கு நேராகப் போய் வக்கீலிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"எழுதினவரே 'இது என் கையெழுத்து'ன்னு சாட்சிகிட்ட ஒத்துக்கிட்டாருன்னா, சட்டத்துக்கு அது போதும்மா. இந்த ஆளக் கூட்டிட்டு வந்தா ஒங்க தங்கச்சிக்குத்தான் பலம்."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கிழவர் சொன்னதையே அசைபோட்டேன். வேறொருத்தியாக இருந்தால், அப்பா யாரைப் பற்றியும் பேசாத மனுஷர் என்று ஆறுதல் அடைந்திருப்பாள். என் மனம் அப்படிப் போகவில்லை. என்னிடம் பேசவில்லை, கூட வேலை பார்த்தவரிடம் பேசவில்லை, அப்படியானால் மொத்தத்தையும் அவளிடம்தான் பேசியிருக்கிறார் என்று முடிவுகட்டினேன்.

மனு போட்டோம். 'மேற்படி தீர்ப்பை மறுஆய்வு செய்து, வழக்கை மீண்டும் விசாரிக்க வேண்டும்' என்று கேட்டிருந்தோம். வாய்தாவுக்கு நான் கிளம்பும்போது வீட்டுக்காரர், "குடை எடுத்துக்கோ" என்று மட்டும் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன்ஷிப் கோயிலில் தங்கையைப் பார்ப்பேன். அவள் பெண்கள் பக்கம் நடுவில் உட்காருவாள். பூசை முடிந்ததும் நாலைந்து பேர் அவளைச் சுற்றிக்கொண்டு அப்பாவை நினைத்துப் பேசுவார்கள். "அப்பாவை அப்பிடிப் பார்த்துக்கிட்டியேம்மா" என்பார்கள். எனக்கு யாரும் துக்கம் சொல்ல வரவில்லை. இறந்தவர் அவளுக்கு மட்டும்தான் அப்பா போல.

மனு விசாரணைக்கு வந்தது. அதே நீதிபதிதான். எங்கள் வக்கீல் எழுந்து, தீர்ப்பின் அந்த வரியையும், தங்கையின் வாக்குமூலத்தில் இருந்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். பதிவில் இருப்பதற்கே மாறாகத் தீர்ப்பில் இருக்கிறது, ஆகவே வழக்கைத் திறந்து மறுபடி கேட்க வேண்டும் என்றார். தங்கையின் வக்கீல் சின்ன வயசுக்காரர். உயில் நிரூபிக்கப்பட்டுவிட்டது, கவனித்தார்களா இல்லையா என்பதற்கும் உயிலுக்கும் சம்பந்தமே இல்லை, மனுவைத் தள்ள வேண்டும் என்று படபடவென்று பேசினார்.

அப்போது பின்னாலிருந்து தங்கை எழுந்து முன்னால் வந்தாள்.

"ஐயா, அந்த வரிய எடுத்துடலாங்க. அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. தெனம் வந்தாங்க."

அவள் வக்கீல் அவளை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். நீதிபதி அவளைக் கையமர்த்தி, "கேட்டா மட்டும் பேசுங்கம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. பிறகு கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

சில நாள் கழித்து கோர்ட்டில் உத்தரவைப் படித்தார்கள். மறுவிசாரணை கிடையாது. உயிலைப் பற்றிய முடிவு அப்படியே நிற்கும். ஆனால் அந்த வரி பதிவுகளுக்கு முரணானது, வழக்கின் முடிவுக்குத் தேவையற்றது, அது நீக்கப்படுகிறது.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷம் வர வேண்டும். கோர்ட் வாசலில் டைப் அடிக்கிறவர்கள் உட்கார்ந்திருந்த மரத்தடியில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். நேராக அவளிடம் போனேன். வழக்குப் போட்டதிலிருந்து நானாகப் போய் அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஒன்ன யாரு அன்னைக்கி எழுந்து சொல்லச் சொன்னது?"

"உண்மதானேக்கா."

"அத நான் கேட்டு வாங்கிக்குவேன். நீ ஒண்ணும் எனக்குக் குடுக்க வேணாம்."

அவள் ஓரடி என் பக்கம் நகர்ந்து வந்தாள். டைப்ரைட்டர்கள் சடசடத்துக்கொண்டிருந்தன.

"வீட்டுல பாதி கேட்ட. அப்பா குடுக்கலன்னா அதுக்கு நான் என்னக்கா பண்றது? இது எங்கிட்ட இருந்துது. குடுத்தேன்."

அப்பா எழுதிக் கொடுத்தது அவளுக்கு. ஊர் கொடுத்த நல்ல பெயர் அவளுக்கு. கடைசியில் என் மேல் விழுந்த கறையைத் துடைத்த புண்ணியமும் அவளுக்கே போய்ச் சேர்ந்தது. நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனேன். அவள் ஏறிய பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன்.

அப்பீலுக்கான காலம் தானாகக் கழிந்தது. வக்கீல் ஒரு முறை ஆள் அனுப்பிக் கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலையில் எங்கள் குவார்ட்டர்ஸ் போன் அடித்தது. மந்தாரக்குப்பத்திலிருந்து, தங்கை வீட்டுக்கு எதிர்வீட்டு அம்மா பேசினார்கள்.

"ஒங்க தங்கச்சிக்கு மஞ்சக்காமாலங்க. கண்ணெல்லாம் மஞ்சளா போயி எழுந்திரிக்க முடியாம படுத்துகினு கெடக்குது. சொல்ல வேணான்னுதான் சொல்லிச்சி. எனக்கு மனசு கேக்கல."

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பிள்ளைங்கள நான் பார்த்துக்கிறேன், போ" என்றார்.

போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. அவள் முன்னறைக் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். அப்பா படுத்திருந்த கட்டில். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். "படு" என்றேன். என்னையும் அறியாமல் அதட்டலாக வந்தது.

டாக்டர் எண்ணெய், காரம் எதுவும் கூடாது என்று சொல்லியிருந்தார். எதிர்வீட்டு அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்து மோரில் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அங்கேயே தங்கிவிட்டேன். வெந்நீர் வைத்தேன், துணி துவைத்தேன், கஞ்சி காய்ச்சினேன், வாந்தி எடுத்ததை அள்ளினேன். இரண்டாம் நாளே எனக்கு அலுத்துவிட்டது. அவள் எதற்கெடுத்தாலும் முகம் சுளித்தாள். உப்பு இல்லை என்றாள், அடிப்பிடித்த வாடை அடிக்கிறது என்றாள், ஜன்னலைத் திற என்றாள், திறந்தால் புழுதி வருகிறது, மூடு என்றாள். அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். 'பார்த்துக்கொள்வது' என்று இத்தனை நாள் நான் வயிறெரிந்தது இதற்காகவா என்று ஒரு கணம் தோன்றியது.

ஒரு மத்தியானம் அவள் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது கேட்டேன்.

"அப்பாவும் இப்பிடித்தான் படுத்துவாரா?"

"அப்பா பரவால்லக்கா. வாயத் தொறந்து எதுவும் கேக்க மாட்டாரு. நாமளா கண்டுபிடிச்சிச் செய்யலன்னா மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவாரு. அதுதான் கொடும. ரெண்டு தடவ கத்திட்டேன் நான். ஒரு தடவ அழுதுட்டாரு."

அதை அவள் கோர்ட்டில் சொல்லியிருக்கவில்லை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ராத்திரியெல்லாம் முழிச்சிக்கிட்டு ஒங்கிட்ட பேசுவாரே, என்ன பேசுவாரு?"

"என்னத்தப் பேசுவாரு? மழ வருமா, வராதா. வந்தா மைன்ஸுல தண்ணி நிக்குமே, பம்பு ஓடுதான்னு பாத்துட்டு வரச் சொல்லுவாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு நான் எங்க போயி பாக்கறது? வாசலுக்குப் போயிட்டு வந்து 'ஓடுதுப்பா'ம்பேன். தூங்கிடுவாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளும் சிரித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கிறது என்று கையை வயிற்றில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படியே தூங்கிப்போனாள். நான் அவள் மஞ்சள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதியைக் கேட்டு வழக்குப் போட்ட வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போது நினைவில் இல்லை.

எதிர்வீட்டு அம்மா மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. நல்ல மனுஷிதான். தினமும் காலையில் ஒரு தூக்கில் நொய்க்கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நான் காய்ச்சிய கஞ்சியில் குற்றம் கண்டுபிடிக்கும் தங்கை, அவர்கள் கஞ்சியைச் சத்தமில்லாமல் முழுக்கக் குடிப்பாள். "ஒங்க கை மணமே தனிம்மா" என்பாள். அவர்கள் அவள் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டே, "எளச்சிப்போயிட்டியேடி" என்பார்கள். 'டி' போட்டுப் பேசுகிற அளவுக்குப் பழக்கம். அவர்கள் இருக்கும்போது எனக்கு அந்த அறையில் வேலை இல்லாமல் போகும். தூக்கைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுப்பது என் பொறுப்பு. கொஞ்சம் அழுத்தித்தான் தேய்ப்பேன்.

அவள் கண்ணில் மஞ்சள் போய், எழுந்து நடமாடத் தொடங்கியதும் நான் கிளம்பினேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கிவிட்டது. தங்கை கேட் வரைக்கும் வந்தாள்.

"எண்ண சேர்த்துக்காத. வெயில்ல அலையாத. இன்ஸ்டிடியூட்டுக்கு இன்னும் ஒரு வாரம் போவாத" என்றேன்.

"சரிக்கா."

"மருந்த மறந்துடாத."

"நான் பாத்துக்கிறேங்க, நீங்க கவலப்படாம போங்க" என்றார்கள் எதிர்வீட்டு அம்மா. தெருவைக் கடந்து வந்து அவள் தோளில் கைபோட்டுக்கொண்டார்கள். "வாடி உள்ள, வெயிலு தாக்குது."

நான் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. பழக்கப்பட்ட அந்த எரிச்சல் எழுந்தது. என் தங்கை அவள். அம்மா படுக்கையில் கிடந்த வருஷங்களில் இடுப்பில் தூக்கிவைத்துச் சோறு ஊட்டியவள் நான். அவளுக்குக் கஞ்சி ஊற்ற வேறொருத்தி வர வேண்டுமா?

வீட்டுக்கு வந்தும் அது அடங்கவில்லை. மறுநாள் விடியும் முன்பே எழுந்து நொய்யை வறுத்து, சீரகம் தட்டிப்போட்டு, அடிப்பிடிக்காமல் பக்கத்திலேயே நின்று கிளறிக் கஞ்சி காய்ச்சினேன். தூக்கில் ஊற்றி மூடினேன். எதிர்வீட்டு அம்மா கதவைத் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று மந்தாரக்குப்பத்துக்கு முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.